தங்கூஸ் நரம்பும் சங்கக் கடனும்

நெசவாளரும் பயிரிடுவோரும் படிக்கும் இவ்விதழில் மீன்பிடி நரம்பைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். நூலைப் பற்றிய செய்தி எதுவாயினும் நெசவாளருக்கு அதில் பங்கு உண்டு. அன்றியும், உழவர் எண்ணெய் இயந்திரத்திற்கு வாங்கும் கடனும் மீனவர் வலைக்கு வாங்கும் கடனும் ஒரே விதிக்கு உட்பட்டவை: வாங்கிய பொருள் உழைக்கும் காலத்திற்குள் கடன் தீர வேண்டும். அவ்விதியை நானே ஒருமுறை மறந்தேன். அதைப் பின்னர் கூறுவேன்.

அண்மையில் அலுவல் நிமித்தமாகப் பொன்னேரிக்குச் சென்றவன், பழவேற்காடு வரை போயிருந்தேன். சிலிகாவிற்கு அடுத்தபடியாக இந்நாட்டின் பெரிய உப்பங்கழி ஏரி அது. இறால் பிடிப்புக்கு முறைவைத்து இடம் பகிரும் 'பாடு' என்னும் பழைய ஏற்பாடு அங்கு உண்டு. கூட்டுறவுச் சட்டம் பிறப்பதற்கு முன்னரே கூட்டுறவாக வாழ்ந்தவர்கள் அம்மக்கள். படகின் நிழலில் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஓர் இழையை என் கையில் கொடுத்து, "கண்ணுக்குத் தெரியாது ஐயா, இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்" என்றார். அதுவே தங்கூஸ் என்று வழங்கும் நைலான் ஒற்றையிழை நரம்பு.

பருத்தி நூல் பல குற்றிழைகளை முறுக்கி ஆக்கப்படுவது. நரம்போ முறுக்கே இல்லாத ஒரே இழை. நைலான் மணிகளை உருக்கிச் சிறு துளை வழியே பிதுக்கி, நீரில் குளிர்வித்துப் பின்னர் அதன் நீளத்தைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு வரை இழுத்து நீட்டுகின்றனர். வலிமை பிறப்பது இந்த இழுப்பில்தான். தாறுமாறாகக் கிடந்த மூலக்கூறுகள், பாவு ஓட்டிய நூல்களைப்போல் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. பட்டு நெசவாளர் அறிந்த டெனியர் கணக்கிலேயே பார்க்கலாம். 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 0.20 மில்லிமீட்டர் நரம்பு ஏறத்தாழ 320 டெனியர் வரும். அத்தனை மெல்லிய இழை சுமார் 2 கிலோ எடையைத் தாங்குகிறது!

அமெரிக்க நாட்டு வேதியியலறிஞர் வாலஸ் கரோதர்ஸ் 1935-இல் நைலானைக் கண்டார். 1938-இல் முதன்முதல் கடைக்கு வந்த நைலான் பண்டம் காலுறையன்று, பல் துலக்கும் தூரிகையின் மயிர், அதுவும் ஒற்றையிழையே. கேரளக் கரையில் 1953-இல் தொடங்கிய நார்வே நாட்டு உதவித் திட்டம் நைலான் வலையை நம் மீனவர்க்குப் பழக்கிய முயற்சிகளுள் ஒன்று. இன்று நம் மாவட்டத்திற்கு நைலான் புதிதன்று. டயருக்குள் வைக்கும் நைலான் துணி மணலியிலும் கும்மிடிப்பூண்டியிலும் உற்பத்தியாகிறது. தறியின் விழுதிலும் அது வந்துவிட்டதை நெசவாளர் அறிவர்.

நரம்பின் தலையாய நன்மை அழுகாமை. பருத்தி வலையை மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்தும், நாள்தோறும் உலர்த்தியும் காக்க வேண்டியிருந்தது. நரம்பு வலைக்கு அவ்வேலை இல்லை. நீரை மிகுதியாகக் குடிக்காததால் பாரம் கூடுவதில்லை. வழவழப்பாக இருப்பதால் சேறும் பாசியும் எளிதில் ஒட்டுவதில்லை. மீன் திமிறும்போது நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. நீரினுள் அறவே மறைவதில்லை என்றாலும், நூல் வலையைவிட மிகக் குறைவாகவே தெரியும்.

குறைகளும் உண்டு. நனைந்த பருத்தி வலுக்கூடும் என்பதை நெசவாளர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. நைலானோ நனைந்தால் சிறிது வலு இழக்கும். முடிச்சு வழுக்கும். அதன் பெரும் பகை வெயில். பருத்தி வலையைக் காத்த மணல் வெளியே நரம்பு வலையைக் கெடுக்கிறது! பழக்கத்தினால் அதை வெயிலில் விரிப்போர் இன்னும் உளர். ஓலை நிழலே அதற்கு ஏற்றது. அறுந்து நீரில் கிடக்கும் வலை, அழுகாத அதே குணத்தால், எவருக்கும் பயனின்றி நண்டையும் மீனையும் கொன்றுகொண்டே இருக்கிறது. இலங்கையில் 2006-இல் தங்கூசி வலையைத் தடை செய்தே விதி வகுத்தனர்.

இனி என் பிழை. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மீனவர் சங்கத்தின் கணக்கைப் பார்த்தேன். வலைக் கடனுக்கு 24 மாதத் தவணை. பதினொருவர் ஏறக்குறைய பத்தாம் மாதத்திற்குப் பிறகு பணம் கட்டவில்லை. தவணை தவறியோர் என்று பட்டியலிட்டு, மறுகடன் வழங்கலாகாது என்றும் எழுதிவிட்டேன். நூல் வலையின் ஆயுளைக் கருதி என்றோ வகுத்த தவணை அது என்பது எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் வாங்கியதோ மெல்லிய நரம்பு வலை. நண்டின் கொடுக்குக்கும் வெயிலுக்கும் ஒரு பருவமே தாங்கிற்று. இல்லாத வலைக்கு எதைக் கொண்டு தவணை கட்டுவது?

வழியைக் காட்டியவர் அச்சங்கத்தின் எழுத்தரே. வலை முழுவதும் ஒரே பொருளன்று என்றார் அவர். கண்ணிப் பரப்பு ஒரு பருவத்தில் போய்விடும். மேல்கயிறு, மிதவை, ஈயக்குண்டு ஆகியவற்றைக் கழற்றி அடுத்த வலைக்கும் அதற்கடுத்த வலைக்கும் கட்டலாம். ஆகவே கடனை இரண்டாகப் பிரித்தனர். கண்ணிக்கு ஆறு மாதம், வார விற்பனையில் பிடித்தம். கயிறு, ஈயம் முதலியவற்றிற்கு 24 மாதம். நிர்வாகக் குழு ஏற்றது. நானும் என் குறிப்பைத் திருத்தி எழுதினேன்.

ஆனால் அதற்குள் ஓராண்டு சென்றுவிட்டது. பதினொருவருள் ஒன்பது பேர் மீண்டும் கடன் பெற்று ஏரிக்குச் சென்றனர். மற்ற இருவர் படகை விற்றுவிட்டுக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிக்குச் சேர்ந்திருந்தனர்.