நயாகராவின் இரு கரையிலும் வேர்விட்ட அணி

நயாகரா அருவிக்கு அரை மணி நேரத் தொலைவில், கனடா எல்லையை ஒட்டி இருக்கிறது பஃபலோ. எஃகு ஆலைகளால் வளர்ந்து, அவை மூடியதும் தளர்ந்து, 1950இல் இருந்த மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் இழந்துவிட்ட அமெரிக்க நகரம். அங்கே குளிர்கால வார இறுதிகளில் பதினேழாயிரம், பதினெட்டாயிரம் பேர் ஓர் அரங்கில் கூடுகிறார்கள். அமெரிக்கர்களிலேயே பலர் பார்த்திராத பாக்ஸ் லாக்ராஸ் என்ற ஆட்டத்தைக் காணத்தான் இத்தனை கூட்டம். உள்ளூர் அணியின் பெயர் பேண்டிட்ஸ், அதாவது கொள்ளைக்காரர்கள். 1992இல் தொடங்கிய இந்த அணி அன்றிலிருந்து ஊரையும் மாற்றவில்லை, பெயரையும் மாற்றவில்லை. இது ஆடும் நேஷனல் லாக்ராஸ் லீகில் அணிகள் ஊர்விட்டு ஊர் போவது வாடகைக்குக் குடியிருப்பவர் வீடு மாற்றுவதைப்போல வாடிக்கை. இந்த அணி மட்டும் எப்படி நிலைத்தது? நல்ல முதலாளி, நல்ல வெற்றிகள் என்பது வழக்கமான பதில். இரண்டும் பின்னால் வந்து சேர்ந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. காரணத்தை அந்த மண்ணில் தேட வேண்டும்.

முதலில் ஆட்டம். நீண்ட கழியின் முனையில் ஒரு வலைப்பை. அதில் கெட்டி ரப்பர் பந்தை ஏந்தி ஓடி, வீசி, பிடித்து, எதிரணியின் கோலுக்குள் போட வேண்டும். திறந்த மைதானத்தில் பத்துப் பேர் ஆடுவது ஒரு வகை. பாக்ஸ் வகையில் ஐஸ் ஹாக்கி அரங்கின் தரையில் செயற்கைப் புல்லை விரித்துவிடுகிறார்கள். பக்கத்துக்கு ஐந்து பேர், ஒரு கோல்கீப்பர். சுற்றுச்சுவரில் பட்டுத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. பந்து கைக்கு வந்தால் 30 விநாடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும். கபடியில் ஒரு ரெய்டுக்குக் கிடைக்கும் அதே அவகாசம். கோலின் அகலம் ஐந்தடிகூடக் கிடையாது. கனத்த கவசத்தோடு கோல்கீப்பர் அதன் முன் நின்றுவிட்டால் மிச்சமிருப்பவை சின்னச் சின்னச் சந்துகள். நாலு பேர் இடித்துத் தள்ளும் நெருக்கத்தில் அந்தச் சந்துக்குள் பந்தைச் செருக, சிறு வயதிலேயே பழகிய கை வேண்டும். அப்படிப்பட்ட கைகள் எங்கே விளைகின்றன என்பதுதான் இந்த அணியின் கதை.

லாக்ராஸ், ஹோடினோஷோனி மக்களின் ஆட்டம். இராகுவா என்று பிறர் அழைத்த ஆறு பூர்வகுடி இனங்களின் கூட்டமைப்பு அது. படைத்தவனின் மகிழ்ச்சிக்காகவும் நோய் தீரவும் ஆடப்படுவது இது என்பது அவர்கள் நம்பிக்கை. மருந்து ஆட்டம் என்றே ஒரு பெயர் உண்டு. 1867இல் மான்ட்ரியல் நகரத்துப் பல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ஸ் இதற்கு விதிகள் எழுதினார். 1880இல் கனடாவின் தேசியச் சங்கம், பணம் வாங்காத அமெச்சூர்கள் மட்டுமே ஆடலாம் என்றது. பணம் பெற்று ஆடிவந்த பூர்வகுடியினர் தங்கள் சொந்த ஆட்டத்தின் போட்டிகளிலிருந்தே வெளியே தள்ளப்பட்டார்கள். பாக்ஸ் வகை பிறந்தது 1931இல். கோடையில் சும்மா கிடந்த ஹாக்கி அரங்குகளை நிரப்ப அவற்றின் உரிமையாளர்கள் செய்த ஏற்பாடு அது. அவர்களுடைய தொழில்முறை லீக் 1932ஐத் தாண்டவில்லை. ஆட்டம் மட்டும் தங்கிவிட்டது. தெற்கு ஒன்டாரியோ ஊர்களும், கிராண்ட் ஆற்றங்கரையின் சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடிப் பகுதியும் அதை இறுகப் பிடித்துக்கொண்டன. ‘லோன் ரேஞ்சர்’ தொடரில் டான்டோவாக நடித்துப் புகழ்பெற்ற ஜே சில்வர்ஹீல்ஸ், ஹாலிவுட்டுக்குப் போகுமுன் 1930களில் பாக்ஸ் லாக்ராஸ் ஆடிய சிக்ஸ் நேஷன்ஸ்காரர்தான்.

1987இல் அமெரிக்காவில் நான்கு அணிகளோடு இன்றைய நேஷனல் லாக்ராஸ் லீக் தொடங்கியபோது ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர், வாஷிங்டன், நியூ ஜெர்சி என எல்லாம் கிழக்குக் கடற்கரைப் பக்கம். அங்கே கிடைத்தவர்கள் கல்லூரிகளில் திறந்த மைதான ஆட்டம் பழகியவர்கள். ஐந்தாண்டு கழித்து பஃபலோ சேர்ந்தது. பயிற்சியாளர் லெஸ் பார்ட்லி எல்லைக்கு அப்பால் ஒன்டாரியோவிலிருந்தும், அருகிலுள்ள டஸ்கரோரா பூர்வகுடிப் பகுதியிலிருந்தும் பாக்ஸ் ஆடியே வளர்ந்தவர்களைக் கொண்டுவந்தார். முதல் ஆண்டே பட்டம். 1993இல் ஓர் ஆட்டத்தைக்கூடத் தோற்காமல் மறுபடியும் பட்டம். 1996இல் மூன்றாவது. டஸ்கரோரா சகோதரர்கள் டாரிஸ் கில்கோர், ரிச் கில்கோர் அந்தத் தொடக்க அணியில் இருந்தவர்கள். 2008இல் நான்காவது பட்டம் வந்தபோது டாரிஸ்தான் பயிற்சியாளர்.

மண் என்று நான் சொல்வதற்குப் பொருளாதார அடிப்படையும் உண்டு. இந்த லீகின் சம்பளத்தில் ஒருவர் முழு நேரமும் வாழ்வது கடினம். ஆசிரியர், தீயணைப்பு வீரர் என வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, வார இறுதியில் ஆட வருகிறார்கள். எனவே ஆட்டக்காரர் வீட்டுக்கும் அரங்குக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது பெரிய கேள்வி. பஃபலோவுக்கு அது காரில் ஓரிரண்டு மணி நேரம். 24 பருவங்கள் வேறெந்த அணிக்கும் போகாமல் இங்கேயே ஆடிய ஜான் டவாரஸ், மிசிசாகாவில் பள்ளி ஆசிரியர். (ஹாக்கி வீரர் ஜான் டவாரஸ் இவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை, பெயர் ஒன்றே என்பதால் குழப்பம் வருவதுண்டு.) ஆசிரியர் வேலையோடு 815 கோல் அடித்தவரை, ஊருக்கு ஊர் விமானத்தில் பறந்தாக வேண்டிய தொலைதூர அணி எதுவும் இத்தனை காலம் தக்கவைத்திருக்குமா என்பது சந்தேகமே.

வெற்றிதான் கூட்டத்தைத் தந்தது என்பாருக்கு 2008க்கும் 2023க்கும் இடையிலான பதினைந்து ஆண்டுகளைக் காட்டலாம். ஒரு கோப்பைகூட வரவில்லை. 2016இல் டேன் ஸ்மித் ஒரே பருவத்தில் 137 புள்ளிகள் குவித்தும் இறுதியில் தோல்வி. 2019இலும் 2022இலும் இறுதிவரை வந்து அதே கதை. கூட்டம் கலையவில்லை. மறுபுறம், ஆறு பட்டம் வென்ற ஃபிலடெல்ஃபியா விங்ஸ் 2014இல் ஊரைவிட்டே போனது. 2015இல் கோப்பை வாங்கிய எட்மன்டன் அணி, அடுத்த பருவத்தில் சஸ்கட்டூனுக்குக் குடிபெயர்ந்தது. கோப்பை அணியைக் கட்டிப்போடுவதில்லை.

முதலாளி பற்றிய வாதம் இதைவிடக் கனமானது. 2011இல் பெகுலா குடும்பம் பஃபலோவின் ஹாக்கி அணியான சேபர்ஸோடு பேண்டிட்ஸையும் எடுத்துக்கொண்டது. அரங்கு, டிக்கெட் விற்பனை, விளம்பரம் எல்லாம் ஒரே கையில் வந்தன. இது பெரிய பலம், மறுக்க மாட்டேன். ஆனால் அதற்குள் அணிக்கு வயது இருபதை நெருங்கிவிட்டது. நான்கு பட்டங்களும் கையில் இருந்தன. மோட்டாரைப் பிறகு வந்தவர் வாங்கி மாட்டலாம், கிணற்றில் ஊற்று முன்பே இருந்தது.

என் வாதத்துக்கு உண்மையிலேயே இடறலாக இருப்பது பக்கத்து ஊரான ராச்செஸ்டர். அதே மண், அதே எல்லை, 2012 முதல் தொடர்ந்து மூன்று பட்டங்கள். போதாக்குறைக்கு உரிமையாளர் கர்ட் ஸ்டையர்ஸ் சிக்ஸ் நேஷன்ஸைச் சேர்ந்தவர். அப்படியும் 2019இல் அவர் அணியை ஹாலிஃபாக்ஸுக்குக் கொண்டுபோனார். மண் இருந்தால் போதும் என்று நான் சொன்னால் இந்த ஓர் உதாரணமே என்னைக் கவிழ்த்துவிடும். ஆனால் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். நைட்ஹாக்ஸ் என்ற அணியின் பெயர் ராச்செஸ்டரிலேயே தங்கியது. அதே பெயரில் புதிய அணியைப் பெகுலா குடும்பம் நிறுத்தியது. ஊர் ஒரு பருவம்கூட லாக்ராஸ் இல்லாமல் இருக்கவில்லை. ஃபிலடெல்ஃபியா தன் பெயரில் இன்னோர் அணியைப் பார்க்க நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. மண் எந்த உரிமையாளரையும் தடுத்து நிறுத்தாது. அவர் விட்டுப்போன இடத்தை விரைவில் நிரப்ப ஆள் வரச் செய்யும், அவ்வளவே.

பூர்வகுடிப் பெருமை பேசுவது விளம்பரத்துக்குத்தானே, அணியில் பெரும்பாலோர் மற்ற கனடியர்கள் அல்லவா என்றும் கேட்கலாம். எண்ணிக்கை அப்படித்தான். ஆனால் அந்த ஒன்டாரியோ இளைஞர்கள் சிறு வயது முதல் எதிர்த்து ஆடிப் பழகியது சிக்ஸ் நேஷன்ஸ் அணிகளோடு. கனடாவின் மேன் கோப்பையை 1994 முதல் தொடர்ந்து மூன்று முறை வென்ற சீஃப்ஸ் அணி அந்தப் பகுதியைச் சேர்ந்தது. ஒருவரை ஒருவர் செதுக்கிய கைகள் அவை. அவற்றைக் குடிக்கணக்கு எடுத்துப் பிரிக்க முடியாது.

2023, 2024, 2025 என்று பேண்டிட்ஸ் மூன்று ஆண்டும் பட்டம் வென்று, ஏழு கோப்பைகளோடு லீகில் முதலிடத்துக்கு வந்தது. இந்த மூன்றிலும் தலைமைப் பயிற்சியாளர் ஜான் டவாரஸ். முதல் நான்கிலும் அவர் ஆட்டக்காரர்.