உஷார்! பாக்கெட்டில் வெறும் துப்பாக்கியா?

டெக்சஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதுமில்லாத எவரும் உரிமம் வாங்காமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போகலாம். உரிமத்தோடு சேர்ந்து பயிற்சி வகுப்பின் கட்டாயமும் போயிற்று. துப்பாக்கிக்கு நூற்றுக்கணக்கில் டாலரை எண்ணி வைப்பவர், அதைப் பாக்கெட்டில் வைக்கும் உறை என்றதும் கஞ்சனாகிவிடுகிறார்.

(எச்1பி விசாவில் அங்கே இருப்பவர்களுக்கு உறையே தேவையில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே அவர்களுக்கு மத்தியச் சட்டப்படி குற்றம். 15 ஆண்டு வரை சிறை. மாநிலச் சட்டம் காப்பாற்றாது.)

ரூகர் எல்சிபி போன்ற குட்டித் துப்பாக்கி 300 கிராம்கூடத் தேறாது. இந்த வகையில் பலவற்றுக்குத் தனி சேஃப்டி பொத்தான் கிடையாது. ட்ரிகரை எது அழுத்தினாலும் வெடிக்கும். கார் சாவியாக இருந்தாலும் சரி. 2008 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் பிளாக்சிகோ பர்ரஸ், உறை இல்லாமல் இடுப்பில் செருகிய துப்பாக்கியோடு மன்ஹாட்டன் இரவு விடுதிக்குப் போனார். நழுவியது, தன் தொடையையே சுட்டுக்கொண்டார். நியூயார்க் உரிமமும் இல்லாததால் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை வேறு.

உறை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ட்ரிகர் பகுதி. சோதிக்குமுன் துப்பாக்கியைக் காலி செய்ய மேகசினைக் கழற்றினால் மட்டும் போதாது, உள்ளே ஒரு தோட்டா மிச்சம் இருக்கலாம். ஸ்லைடை இழுத்து, காலி என்று கண்ணால் பாருங்கள். பிறகு உறைக்குள் போட்டு, வெளியிலிருந்து ட்ரிகர் இருக்கும் இடத்தை விரலால் அழுத்துங்கள். ட்ரிகர் அசைவது கைக்குத் தெரிந்தால் அந்த உறை வேண்டாம். மலிவான துணி உறைகள் பெரும்பாலும் இங்கேயே தோற்றுவிடும். தோல் உறையானாலும் வியர்வையில் நைந்து வாய் மடங்கினால், அந்த மடிப்பே ட்ரிகருக்குள் நுழையும். தூக்கிப் போடுங்கள்.

உருவும்போது உறை பாக்கெட்டிலேயே தங்க வேண்டும். துப்பாக்கியோடு ஒட்டிக்கொண்டு வருவது உறையே அல்ல. அந்தப் பாக்கெட்டில் சில்லறை, சாவி, பேனா எதுவும் கூடாது.

திரும்ப வைக்கும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாக்கெட்டுக்குள் இருக்கும் உறையில் துப்பாக்கியைத் துழாவிச் செருகாதீர்கள், குழல் உங்கள் தொடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். உறையை வெளியே எடுத்து, கண் பார்க்க, குழல் யார் பக்கமும் திரும்பாமல் துப்பாக்கியை அதில் பொருத்தி, அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பாக்கெட்டில் இறக்குங்கள்.