மாணவர் சந்தையும் மாணவர் சாதனையும்
(நீர்வேலியின் ஆரம்பப் பாடசாலைகளை முன்வைத்துச் சில சிந்தனைகள்)

யாழ் நகரிலிருந்து பருத்தித்துறை வீதி வழியே செல்பவர்கள் கோப்பாயைத் தாண்டியதும் இரு மருங்கும் வாழைத் தோட்டங்களைக் காண்பார்கள். அதுவே நீர்வேலி. செம்மண்ணும் கிணற்று நீரும் மனித உழைப்பும் ஒன்றுசேர்ந்து கதலி, கப்பல், இதரை, மொந்தன் எனக் குலைகுலையாய்த் தரும் ஊர் இது. கல்விக்கும் பெயர் பெற்ற ஊர். 19ஆம் நூற்றாண்டில் தமிழும் வடமொழியும் கற்பித்த சங்கர பண்டிதர் இவ்வூரவரே. இன்று அத்தியார் இந்துக் கல்லூரி, கரந்தன் இராமுப்பிள்ளை வித்தியாலயம், சீ.சீ. தமிழ்க் கலவன் பாடசாலை எனச் சிறிதும் பெரிதுமாய்ப் பல பாடசாலைகள் இங்கு இயங்குகின்றன.

இத்தகைய ஊர்களில் உள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையைப் பற்றிப் பேச்செழும்போது ஊரவர் கேட்கும் முதற் கேள்வி, "அந்தப் பள்ளிக்கூடம் என்ன சாதிச்சிருக்கு?" என்பதாகும். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு எதிர்பார்க்கப்படும் விடை ஓர் இலக்கம் மட்டுமே. இவ்வருடம் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள்? இந்த ஓர் இலக்கத்துக்குள் பாடசாலையின் ஐந்து வருட உழைப்பும் அடங்கிவிடுமா என்பதே நாம் இங்கு சிந்திக்க விரும்பும் விடயம்.

ஒரு பரீட்சையின் நிழல்

புலமைப்பரிசில் பரீட்சையின் தோற்றம் உன்னதமானது. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் 1943இல் வெளிவந்த கல்வி அறிக்கையும், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கிராமங்களில் எழுந்த மத்திய கல்லூரிகளும் ஏழைப் பிள்ளைக்குப் பெரிய கதவைத் திறந்துவிட்டன. வசதியற்ற, ஆனால் திறமையுள்ள பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்து உதவிப்பணம் வழங்கி நல்ல பாடசாலையில் சேர்ப்பதே பரீட்சையின் நோக்கமாயிருந்தது.

இன்று நிலைமை என்ன? அண்மைய வருடங்களில் நாடெங்கும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். வெட்டுப்புள்ளிக்கு மேல் புள்ளி பெறுவோர் ஏறத்தாழ ஆறில் ஒருவரே. இதன் பொருள், ஆறில் ஐந்து பிள்ளைகள் பத்து வயதிலேயே "நான் கெட்டிக்காரன் இல்லை" என்ற எண்ணத்துடன் வீடு திரும்புகின்றனர் என்பதாகும். மூன்றாந்தரத்திலேயே ரியூசன் தொடங்குகின்றது. விளையாட்டுக்கு நேரமில்லை. பெறுபேறு வந்ததும் பாடசாலை வாயிலிற் பதாகை எழுகின்றது. அதில் சிலரின் படங்கள் உண்டு. பலரின் படங்கள் இல்லை.

இதில் நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். பல வருடங்களுக்கு முன் ஒரு பங்கிற் பணியாற்றியபோது, திருப்பலி முடிவில் புலமைப்பரிசில் சித்தியடைந்த பிள்ளைகளைப் பீடத்தின் முன் அழைத்துப் பரிசு வழங்கினோம். அனைவரும் கரவொலி எழுப்பினர். நிகழ்வு முடிந்தபின் பீடச்சிறுவன் ஒருவன் திருவுடை அறையில் தனித்து நின்றான். வருடம் முழுவதும் விடியற்காலையில் வந்து மணி அடித்தவன் அவன். பரீட்சையில் சில புள்ளிகள் குறைந்துவிட்டன. "ஃபாதர், அடுத்த ஞாயிறு நான் வரத்தான் வேணுமோ?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. சாதனை என்றால் என்ன என்று நாம் உண்மையாகச் சிந்திக்கத் தொடங்கியது அன்றுதான்.

செயல் வழியே கற்றல்

ஆரம்பக் கல்வியின் நோக்கம் பரீட்சை அன்று என்பதை எமது கல்வித் திட்டமே ஒப்புக்கொண்டுள்ளது. 1998இல் கம்பஹா மாவட்டத்திற் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999 முதல் நாடெங்கும் நடைமுறைப்படுத்தப்பட்ட ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், ஐந்து வருடங்களை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. முதலாம், இரண்டாம் தரங்கள் முதல் நிலை. மூன்றாம், நான்காம் தரங்கள் இரண்டாம் நிலை. ஐந்தாந்தரம் மூன்றாம் நிலை. கற்பித்தலுக்கும் மூன்று வழிகளை அது வகுத்தது. அவை விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்பன. சின்னஞ்சிறு வகுப்புகளில் விளையாட்டு மிகுந்தும், மேலே செல்லச் செல்ல எழுத்து வேலை மிகுந்தும் இருத்தல் வேண்டும். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பது தனிப் பாடமாகவே அமைந்தது.

இதன் அடிப்படை எளிமையானது. பிள்ளை காதால் கேட்டதை மறக்கும். கையால் செய்ததை மறவாது. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாழைக்குட்டியை எவ்வளவு ஆழத்தில் நடுவது என்பதை அப்பிள்ளை புத்தகத்திலிருந்து அறியவில்லை.

மாணவர் சந்தை

யாழ்ப்பாணத்து ஆரம்பப் பாடசாலைகளில் இந்தத் தத்துவம் உயிர்பெற்று நிற்கும் நிகழ்வு மாணவர் சந்தையாகும். இதனை அறியாத வாசகர்களுக்காகச் சற்று விரிவாகக் கூறுவோம்.

ஒரு நாள் காலையில் பாடசாலை வளவு சந்தையாக மாறுகின்றது. மரநிழலிற் கிடுகாலும் தடியாலும் சிறு கொட்டில்கள் எழுகின்றன. பிள்ளைகள் வீட்டிலும் தோட்டத்திலும் விளைந்தவற்றைக் கொண்டு வருகின்றனர். வாழைப்பழம், வாழைப்பொத்தி, முருங்கைக்காய், கத்தரிக்காய், வெண்டிக்காய், கீரைக்கட்டு, தேசிக்காய், பூங்கன்று, புழுக்கொடியல், அம்மம்மா செய்து கொடுத்த எள்ளுருண்டை எனப் பலவும் வருகின்றன. விற்பவர்கள் பிள்ளைகள், வாங்குபவர்கள் பெற்றோரும் ஊரவரும். தராசும் படிக்கல்லும் சில்லறைப் பெட்டியும் பிள்ளைகளின் கையில்.

இதில் என்ன கல்வி இருக்கிறது எனச் சிலர் கேட்பதுண்டு. ஓர் உதாரணம் பார்ப்போம். கதலி கிலோ 120 ரூபா என்று வைத்துக்கொள்வோம். சீப்பு 750 கிராம் நிறுக்கிறது. விலை 90 ரூபா. வாங்குபவர் 100 ரூபாத் தாளை நீட்டுகிறார். மீதி 10 ரூபா. நிறுத்தல், பெருக்கல், கழித்தல் மூன்றும் ஒரே நிமிடத்தில், வரிசையில் ஆட்கள் காத்து நிற்கும்போது நடைபெறுகின்றன. அதோடு வாடிக்கையாளரை "வாங்கோ அன்ரி" என்று அழைக்கும் மொழியும், பேரம் பேசுபவரிடம் பணிவு குறையாமல் மறுக்கும் துணிவும் வந்துவிடுகின்றன.

இப்பகுதியில் நாம் பார்த்த ஒரு சந்தையில், எழுத்துக் கணிதத்தில் வகுப்பின் கடைசியில் நிற்பவன் என்று ஆசிரியையே எமக்குச் சொன்ன ஒரு சிறுவன், பென்சில் எடுக்காமலே மீதிக் காசு கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு தடவையும் தவறவில்லை. பின்னேரங்களிற் பேத்தியாரோடு வாழையிலை விற்பவன் அவன். "இவ்வளவு நாளும் இவனுக்குக் கணக்கு வராது எண்டு நினைச்சிட்டன் ஃபாதர். கணக்கு இல்லை, தாளில எழுதிற முறைதான் வரேல்லை" என்றார் அந்த ஆசிரியை. அன்று பிள்ளை கற்றதைவிட ஆசிரியை கற்றது பெரிது. அவனுக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அவர் அறிந்துகொண்டார்.

சந்தையோடு பாடம் முடிந்துவிடலாகாது. மறுநாள் வகுப்பில் வரவு செலவு எழுதப்படுதல் வேண்டும். வாழைக் குலை கைக்கு வர ஏறத்தாழ ஒரு வருடம் செல்கிறது. பசளைக்கு எவ்வளவு, தண்ணீர் இறைக்க எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிள்ளை அப்பாவிடம் கேட்டு எழுதட்டும். யாழ்ப்பாணச் சந்தைகளில் விவசாயியின் பொருளில் நூற்றுக்குப் பத்து வீதத்தைக் 'கழிவு' என எடுக்கும் வழக்கம் நெடுநாளாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. பத்துக் கிலோ கொண்டு சென்றவருக்கு ஒன்பது கிலோவுக்கே காசு கிடைத்தால் அந்த ஒரு கிலோ யாருக்கு? பத்து வயதுப் பிள்ளை கேட்கக்கூடிய கேள்வி இது. நீதி பற்றிய முதலாவது பாடமும் இதுவே.

சில குறைகளையும் சுட்டாதிருக்க முடியாது. சில இடங்களிற் பெற்றோர் முதல் நாளே பெருஞ்சந்தையில் வாங்கி வந்து பிள்ளையின் முன் குவிக்கின்றனர். தராசைத் தாயே பிடிக்கின்றார். பிள்ளை புதுச்சட்டையுடன் படத்துக்கு நிற்கின்றது. எந்தக் கொட்டிலில் அதிகம் விற்றது என்பதும் போட்டியாகி விடுகின்றது. அப்போது சந்தையும் இன்னொரு பரீட்சையாகிறது. அதுவும் பெற்றோருக்கான பரீட்சை.

மேடையும் மைதானமும் கிணற்றடியும்

தமிழ்த்தினப் போட்டிகள் பாடசாலை மட்டத்தில் தொடங்கிக் கோட்டம், வலயம், மாகாணம் என வளர்ந்து அகில இலங்கை மட்டம் வரை செல்கின்றன. பேச்சு, பாவோதல், வாசிப்பு முதலியவற்றிற் சிறு பாடசாலைப் பிள்ளையும் நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையோடு ஒரே மேடையில் நிற்க வாய்ப்புண்டு. ஆயினும் போட்டிக்கு ஒருவரைத் தெரிவுசெய்து அவரை மட்டும் பயிற்றுவதைவிட, வகுப்பு முழுவதும் மேடையேறிய பின் ஒருவரைத் தெரிவுசெய்வதே ஆரம்பப் பாடசாலைக்கு அழகு.

இல்ல விளையாட்டுப் போட்டியும் அவ்வாறே. முயல் பாய்ச்சலும் பலூன் உடைத்தலும் பழம் பொறுக்குதலும் வேடிக்கை மட்டுமல்ல. உடலின் சமநிலை, முறைக்குக் காத்திருத்தல், தோற்றபின் சிரித்தல் ஆகியவற்றைப் பிள்ளை அங்குதான் பழகுகிறது.

களப்பயணத்துக்கு நீர்வேலிப் பிள்ளைகள் தூரம் செல்ல வேண்டியதில்லை. சிறுப்பிட்டியைத் தாண்டி நவக்கிரிக்குச் சென்றால் நிலாவரைக் கிணறு இருக்கிறது. அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உண்டு. மழைநீர் சுண்ணக்கல்லினூடாக இறங்கி, பாரங்கூடிய உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதே எமது குடாநாட்டின் தண்ணீர். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே வரும். இந்த உண்மையைக் கிணற்றடியில் நின்று கண்ட பிள்ளை, நாளை தோட்டக்காரராகும்போது இயந்திரத்தை எப்போது நிறுத்துவது என்பதை அறிந்திருக்கும்.

சாதனையை எவ்வாறு அளப்பது?

இத்தாலி நாட்டில் புளோரன்ஸ் நகருக்கு வடக்கே, பார்பியானா என்னும் மலைக்கிராமத்துக்கு 1954இல் லொரென்ஸோ மிலானி என்ற குருவானவர் அனுப்பப்பட்டார். பாடசாலைகள் கைவிட்ட ஏழை விவசாயிகளின் பிள்ளைகளைக் கூட்டி அவர் பள்ளி நடத்தினார். கடைசிப் பிள்ளைக்கு விளங்கும்வரை அடுத்த பாடத்துக்குப் போவதில்லை என்பது அங்கு வழக்கமாயிருந்தது. அப்பிள்ளைகள் சேர்ந்து ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக எழுதி 1967இல் வெளியிட்ட நூல், பாடசாலை யாரைத் தோற்கடிக்கிறது என்று உலகைக் கேட்டது. எமது கேள்வியும் அதுவே.

எம் மண்ணிலும் ஒரு நினைவுண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். மறுவருடம் ஏப்பிரலின் பின்னரே ஊர் திரும்பத் தொடங்கினர். இடைப்பட்ட மாதங்களில் மரநிழலிலும் இரவற் கட்டடங்களிலும் ஆசிரியர்கள் பிள்ளைகளைச் சேர்த்து இருத்தினார்கள். அன்று எவரும் வெட்டுப்புள்ளி கேட்கவில்லை. "எல்லாப் பிள்ளைகளும் வந்திட்டினமோ?" என்றே கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாம் மறந்துவிடலாகாது.

நாம் செய்யக்கூடியவை

1. பெற்றோர்: பிள்ளை கொண்டுவரும் புள்ளியைக் கேட்குமுன் "இண்டைக்கு என்ன செய்தனீ?" என்று கேளுங்கள். சந்தை நாளில் தராசைப் பிள்ளையின் கையில் விட்டுவிடுங்கள். பிழைத்தாற் பிழைக்கட்டும்.

2. ஆசிரியர்: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் வைத்து, வருடத் தொடக்கத்தில் இயலாதிருந்து முடிவில் இயன்றது எது என்று எழுதுங்கள். "வாசிக்கக் கூச்சப்பட்டவள் காலைப் பிரார்த்தனையில் வாசித்தாள்" என்பதும் சாதனையே.

3. பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாட்டு உறவுகளும்: சித்தியடைந்தவருக்கு மட்டும் பரிசு அனுப்பாமல், வாசிப்பு மூலைக்கும் தோட்டத்துக்கும் தராசுக்கும் உதவுங்கள். அவை எல்லோருக்கும் பயன்படும்.

4. சனசமூக நிலையங்கள், மாதர் சங்கங்கள், பங்குகள், ஆலயங்கள்: புலமைப்பரிசில் பாராட்டு விழா நடத்துவதாயின் ஐந்தாந்தரப் பிள்ளைகள் அனைவரையும் மேடைக்கு அழையுங்கள். ஆரம்பக் கல்வியை நிறைவுசெய்ததே பாராட்டுக்குரியது.

5. ஊரவர்: நூறு பிள்ளைகளுக்கும் குறைந்த பாடசாலைகள் வடமாகாணத்திற் பல. நகரப் பாடசாலையை நாடிப் பிள்ளைகள் செல்லச் செல்ல இவை மெலிகின்றன. இறுதியில் எஞ்சுபவர்கள் வான் கட்டணம் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைகளே. ஊர்ப் பாடசாலையைக் காப்பது அப்பிள்ளைகளைக் காப்பதாகும்.

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த புதுமையில், ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் வைத்திருந்தவன் ஒரு சிறுவன். அவன் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. அவன் எத்தனையாம் பிள்ளை என்று ஆண்டவர் கேட்கவுமில்லை. இருந்ததைக் கொடுத்தான், அது போதுமாயிற்று.

அன்று திருவுடை அறையில் எம்மிடம் கேட்ட சிறுவனுக்கு இப்போதாவது விடை சொல்வோம். வரவேண்டும் தம்பி. நீ அடிக்கும் மணிக்குத்தான் ஊர் எழும்புகிறது.