சாம்பலுக்கு எத்தனை மை?

1980களில் மதுரையில் நான் தொழில் பழகிய ஸ்டூடியோவின் டார்க் ரூமில் சாமான் கொஞ்சம்தான்: ஒரு என்லார்ஜர், சிவப்பு விளக்கு, டெவலப்பருக்கும் ஸ்டாப் பாத்துக்கும் ஹைப்போவுக்குமாக மூன்று டிரே. பேப்பர் பெரும்பாலும் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’. மாஸ்டர் மனசு வைத்துச் செலவழித்தது என்லார்ஜரின் 50 மி.மீ. லென்ஸுக்கு மட்டும். அது ஓரங்களில் மங்கினால் கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனமில்லை என்பார்.

மற்றதெல்லாம் கை வேலை. பேப்பரை அட்டையால் மூடி, ஐந்து வினாடிக்கு ஒருமுறை நகர்த்தி டெஸ்ட் ஸ்ட்ரிப் எடுப்போம். முகம் இருண்டால், கம்பி நுனியில் ஒட்டிய சின்ன அட்டையை வெளிச்சத்தில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அது டாட்ஜிங். வேட்டி வெளுத்துப்போனால் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம், அது பர்னிங். “தம்பி, கறுப்பை அப்புறம் பாரு. காதோரத்துச் சாம்பல் வந்திருக்கான்னு முதல்ல பாரு” என்பார் மாஸ்டர். ஃபைபர் பேப்பர் காய்ந்தால் ஒரு சாயல் இருண்டுவிடும். அதனால் ஈரத்தில் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும்போதே நிறுத்துவார்.

பிறகு இங்க்ஜெட் வந்தது. நான் முதலில் வாங்கிய பிரிண்டர் வண்ணப் படங்களை அருமையாகப் போட்டது. அந்தத் தைரியத்தில் பாம்படம் போட்ட ஒரு பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டேன். ஜன்னலோரம் கன்னம் பச்சை பாய்ந்திருந்தது. குண்டு பல்பின் கீழே அதே கன்னம் சிவந்தது. அதிலிருந்த கறுப்பு மை ஒன்றே ஒன்று. இடைப்பட்ட சாம்பலையெல்லாம் நீலம், சிவப்பு, மஞ்சள் மைகளைக் கலந்துதான் அது உண்டாக்கியது. வெளிச்சம் மாறினால் அந்தக் கலவையின் சாயலும் மாறும். கறுப்பு மையால் மட்டும் போட்டுப் பார்த்தால், வெளிர் இடங்களில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

அமெரிக்காவில் ஜான் கோன் வண்ண மைகளை எடுத்துவிட்டுப் பல அடர்த்தியில் சாம்பல் மைகளையே நிரப்பும் ‘பியெசோகிராஃபி’ முறையைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். 2005இல் எப்சன் ஆர்2400 பிரிண்டர் கறுப்பை மூன்று அடர்த்தியில் வைத்து, கறுப்பு வெள்ளைக்கென்றே தனி மோடும் தந்தது. என்னைப் போன்றவர்களுக்கு அன்றுதான் மூச்சு வந்தது.

ஆகவே பிரிண்டர் வாங்கப் போகிறவர் டிபிஐ கணக்கில் மயங்க வேண்டாம். உள்ளே சாம்பல் மை எத்தனை, அது பிக்மென்ட் மையா என்று கேட்கட்டும். எப்சன் பி900இல் பத்து மை. வழுவழுப்பான பேப்பருக்கும் மேட் பேப்பருக்கும் வேண்டிய இரண்டு கறுப்புக்கும் தனித்தனி நாசில் இருப்பதால் மாற்றும்போது மை வீணாவதில்லை. கேனன் புரோ-1000இலும் சாம்பல் இரண்டு உண்டு. இரண்டும் 17 அங்குல அகலப் பேப்பர் வரை போடும். பணம் போதாவிட்டால், அதே மைகளோடு வரும் 13 அங்குல பி700 எடுத்துவிட்டு மிச்சத்தைப் பேப்பரில் போடுவது மேல். வழுவழுப்பான பரைட்டா பேப்பரில் கறுப்பு ஆழமாக இறங்கும். பருத்திக் கூழ் மேட் பேப்பரில் அந்த ஆழம் குறைவு, ஆனால் வயதானவர்களின் தோல் அதில்தான் உயிரோடு இருக்கிறது. மானிட்டர் வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள். பளிச்சென்ற திரையைப் பார்த்துத் திருத்திய படம் பேப்பரில் இருண்டுதான் வரும். வாரம் ஒரு பிரிண்டாவது போடாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

போன மாதம் அண்ணன் மகன் வந்து, “எந்த பிரிண்டர் வாங்கலாம் சித்தப்பா?” என்றான். அந்தப் பாட்டி படத்தையே பரைட்டாவில் ஒன்றும் பருத்தி பேப்பரில் ஒன்றும் போட்டு, மறுநாள் வரை காயவிட்டுக் கையில் கொடுத்தேன். முதலில் ட்யூப் லைட்டுக்குக் கீழே பார்த்தான். பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.