பாறையின் பெயர் மட்டும் போதாது

2004 டிசம்பர் 26 அன்று, இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு சுமத்ராவை ஒட்டிய கடலடியில் நிலம் அதிர்ந்தது. சென்னையிலும் அந்த அதிர்வை உணர்ந்து பலர் வீட்டைவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். அலைகள் தமிழகக் கரைக்கு வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்தது. இந்தியப் பெருங்கடலில் அப்போது எச்சரிக்கை அமைப்பு ஏதும் இல்லை. எங்கோ அதிர்ந்த நிலத்துக்கும் நம் கடலுக்கும் உள்ள தொடர்பு கரையோர மக்களுக்குத் தெரிந்திருக்கவும் இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். அதிர்வு மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமெலுவே தீவிலோ பத்து நிமிடத்துக்குள் அலை வந்துவிட்டது. ஆனாலும் சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் உயிரிழந்தவர்கள் ஏழு பேர்தான். நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதை, 1907-இல் சுனாமியால் பட்ட அடியிலிருந்து கற்றுக்கொண்டு, 'ஸ்மோங்' என்ற பெயரில் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தவர்கள் அவர்கள். அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி டில்லி ஸ்மித், கடல்நீர் நுரைத்துப் பொங்கிய விதத்தைப் பார்த்தே சுனாமி வருகிறது என்று கூச்சலிட்டாள். கடற்கரையில் இருந்த சுமார் நூறு பேர் தப்பினார்கள். இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் அவள் படித்த பாடம் அது.

சிமெலுவே மக்களைக் காத்தது மரபு நினைவு; டில்லியின் கையில் இருந்தது பள்ளிப் பாடம். பல தலைமுறைக்கு ஒருமுறை வரும் ஆபத்தைப் பற்றிய நினைவு எல்லா ஊரிலும் தங்கியிராது. தங்காத இடத்தில் அதை ஈடுசெய்யக்கூடியது பள்ளிக்கூடம்தான். புவி அறிவியலை இளையோருக்குக் கற்பிப்பது சில மாணவர்களின் விருப்பத்தைப் பொறுத்த விஷயமன்று, எல்லோருக்கும் வேண்டிய அடிப்படைக் கல்வி என்று சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

'இப்போதுதான் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறதே, மாணவர் எதற்குக் கவலைப்பட வேண்டும்?' என்று கேட்கலாம். 2007 முதல் இயங்கும் அந்த மையம் மிகத் தேவையானது. ஆனால் எச்சரிக்கையில் உலகுக்கே முன்னோடியான ஜப்பானில், 2011 மார்ச் 11 அன்று சுனாமி வந்தபோது நடந்ததைப் பார்க்க வேண்டும். அபாய வரைபடத்தின்படி ஒகாவா தொடக்கப்பள்ளி அலை எட்டாத இடத்தில் இருந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தும், குழந்தைகள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் மைதானத்தில் நிறுத்திவைக்கப்பட்டார்கள். அப்பள்ளியின் 74 பிள்ளைகளும் பத்து ஆசிரியர்களும் மாண்டார்கள். முன்கூட்டியே செய்திருக்க வேண்டிய ஆயத்தம் போதவில்லை என்று நீதிமன்றமும் பின்னர் தீர்ப்பளித்தது. கமாய்ஷி நகரின் உனோசுமாய் பகுதியில் இருந்த இரண்டு பள்ளிகளும் அதே போல வரைபடத்தின் அபாய எல்லைக்கு வெளியேதான் இருந்தன. ஆனால் 'வரைபடத்தை முடிந்த முடிவாக நம்பாதே' என்று பேராசிரியர் தொஷிதாகா கதாதா அங்கு ஆண்டுக்கணக்கில் கற்பித்திருந்தார். பெரிய வகுப்பு மாணவர்கள் யாருக்கும் காத்திராமல் ஓடினார்கள், சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துச் சென்றார்கள், முதலில் நின்ற இடம் போதாது என்று கண்டு இன்னும் மேலே ஏறினார்கள். பள்ளியில் இருந்து ஓடிய பிள்ளைகள் பிழைத்தார்கள். கருவியும் வரைபடமும் இரு ஊருக்கும் பொது. கண்ணெதிரே நடப்பதைக் கொண்டு முடிவெடுக்கும் பயிற்சிதான் வேறுபட்டது.

எப்போதோ வரும் சுனாமிக்காகப் பாடச்சுமையை ஏற்றலாமா என்பது அடுத்த கேள்வி. அன்றாடம் தேவைப்படும் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. இங்கே நிலத்தடி நீர் பூமிக்கடியில் ஏரி போலத் தேங்கிக் கிடப்பதில்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் தங்குகிறது. வெடிப்பு செல்லும் திசையில் விழுந்த போரில் நீர் கொட்டும். அடுத்த வயலில் இருநூறு அடி கூடுதலாகத் தோண்டினாலும் புழுதிதான் வரும். இது தெரியாததால்தான் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவரை நம்பிக் கடன் வாங்கிப் போர் போடுகிறோம். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி முன்மாதிரியாக நின்ற மாநிலம் இது. ஆனால் மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது, எங்கே தங்குகிறது என்று புரியாதவருக்கு சேகரிப்புத் தொட்டி கட்டட ஒப்புதல் வாங்குவதற்கான ஒரு சடங்கு. தூர்ந்துபோனாலும் அவர் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

இவையெல்லாம் ஏற்கெனவே சமூக அறிவியல் புத்தகத்தில் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று ஐந்து மதிப்பெண் வினாவாக. ஆய்வகத்துக்குப் பணம் இல்லை என்பதும் முழு உண்மையன்று; நம் ஊர்களே ஆய்வகங்கள்தான். சென்னை பரங்கிமலையின் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து அறிவியல் உலகம் இட்ட பெயர் அது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலும் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரிலும் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. சாத்தனூர் மரத்தின் நீளம் 18 மீட்டர், வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். அரியலூரின் சிமெண்டு ஆலைகள் அரைக்கும் சுண்ணாம்புக்கல், ஒரு காலத்தில் அங்கே இருந்த கடலின் படிவு. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு லாரியும் புழுதியும் தெரிந்த அளவுக்குக் கடல் தெரியாமல் இருப்பது, பணம் இல்லாததால் வந்த குறையன்று.

படித்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்வியும் வரும். நிலவியல் துறையில் வேலைகள் குறைவுதான். ஆனால் குடிமையியல் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் அமைச்சராவதற்காக அதைப் படிப்பதில்லை. மலைச்சரிவை வெட்டி வீடு கட்டலாமா, ஏரிக்கரையில் மனை வாங்கலாமா, எங்கே போர் போடுவது என்ற முடிவுகளை நாளை எடுக்கப்போகிறவர்கள் இவர்கள். செய்யவேண்டிய மாற்றமும் பெரிதன்று. மூவகைப் பாறைகளின் பெயரைக் கேட்கும் தேர்வு, 'உன் ஊர்க் கிணற்றில் எத்தனை அடியில் பாறை வருகிறது, போன கோடையில் நீர்மட்டம் எங்கே நின்றது, காரணம் என்ன?' என்று கேட்கட்டும். விடை எந்த நோட்ஸிலும் அச்சாகி இராது என்பதால், ஆசிரியரும் மாணவரும் கிணற்றடிக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.