பார்ச்மென்ட்டா, செர்ரியா?

அறுவடைக் காலத்தில் வாழவந்திப் பக்கம் போனால் களங்களில் காபி காய்வதைப் பார்க்கலாம். ஒரு களத்தில் வெளிர் மஞ்சள் நிறத்தில் கொட்டை. இன்னொன்றில் கறுத்துச் சுருங்கிய முழுப் பழம். முதலாவது பார்ச்மென்ட், அடுத்தது செர்ரி. சேர்வராயன் மலையின் சிறு விவசாயிக்கு வருஷ வருமானமே இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பொறுத்துத்தான்.

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தார். செடியோடு சொற்களும் மலையேறின. வெளிநாடுகளில் செர்ரி என்றால் செடியிலிருந்து பறித்த பழம். நம் வியாபாரத்திலோ தோலோடு காயவைத்த பழமும், அதை உடைத்தெடுத்த பருப்பும் செர்ரிதான்.

பார்ச்மென்ட்டுக்கு வேலை அதிகம். பழுத்ததை மட்டும் பறித்து, அன்றைக்கே பல்பரில் தோலுரித்து, வழவழப்புப் போகும்வரை தொட்டியில் போட்டுவைத்து, கழுவிக் காயவைக்க வேண்டும். பருப்பின் மேல் மிஞ்சும் மெல்லிய ஓட்டுக்குத்தான் அந்தப் பெயர். கியூரிங் ஒர்க்ஸில் ஓடு நீங்கியதும் அராபிகாவுக்குப் பெயர் 'பிளாண்டேஷன்' என்று மாறிவிடும். காபித்தூள் கடையில் நாம் கேட்டு வாங்கும் 'பிளாண்டேஷன் ஏ' இதுதான். பெரிய எஸ்டேட் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அரை ஏக்கரில் விளைந்தாலும் கழுவிப் பதப்படுத்திய அராபிகா பிளாண்டேஷன்தான்.

பல்பரும் தண்ணீரும் இல்லாதவர் செர்ரியாகக் காயவைக்கிறார். அதில் இழிவு எதுவும் இல்லை. நன்கு பழுத்ததைப் பறித்து, பூஞ்சை பிடிக்காமல் கிளறிவிட்டு, கைப்பிடி அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கும்வரை காயவைத்த செர்ரிக்குத் தனிச் சுவை உண்டு. காயும் பழமும் சேர்த்து உருவிப் போடுவதுதான் அதன் பெயரைக் கெடுக்கிறது.

விலை 50 கிலோ மூட்டைக்குச் சொல்லப்படுகிறது. பார்ச்மென்ட் மூட்டையில் சுமார் 40 கிலோ பருப்பு தேறும். செர்ரியில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளியில் பெரும்பங்கு ஓட்டுக்கும் தோலுக்கும் போகும் எடை. தரத்தின் பங்கு அதற்கப்புறம்தான். இது தெரியாமல், செர்ரி விலை பாதாளத்தில் கிடக்கிறது என்று நொந்து, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவது பெரிய நஷ்டம். பறித்த பழத்தை அப்படியே விற்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பத்திரிகையில் வரும் செர்ரி விலை காய்ந்த பழத்துக்கு உரியது, ஈரப் பழத்துக்கு அல்ல.

மலை விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். வியாபாரி விலை சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். எந்தச் சரக்குக்கு அந்த விலை, மூட்டைக்குப் பருப்பு எத்தனை கிலோ தேறும் என்று கேளுங்கள். பருப்பின் கிலோவுக்கு என்ன விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே மூட்டையைத் தராசில் ஏற்றுங்கள்.