ஜீப் ஷாஃப்டை வீட்டுலயே வெட்டினா காசு மிச்சமா? முழு கணக்கு இதோ!

அமெரிக்காவில் பழைய ஜீப் வாங்கி வீட்டு வாசல்லயே பிரிச்சு மேயறவங்க வீடியோ நிறைய பார்த்திருப்பீங்க. அதுல ஒருத்தர் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு, ஆங்கிள் கிரைண்டரால டிரான்ஸ்ஃபர் கேஸ் ஷாஃப்டை வெட்டுவார். "கிட் 100 டாலர்தான், மெக்கானிக் செலவே இல்லை"ன்னு முடிப்பார். உண்மையிலேயே அவ்வளவுதானா? கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்ககிட்ட ஜீப் இல்லாட்டியும் இந்தக் கணக்கு உதவும்.

எதுக்காக வெட்டுறாங்க?

இன்ஜின், கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிச்சுக் கொடுப்பதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். 2001 வரை வந்த செரோகி, 1997 முதல் 2006 வரை வந்த ரேங்ளர் டிஜே ரெண்டுலயும் பெரும்பாலும் என்பி231 என்ற மாடல் இருக்கும். அதன் பின்பக்க ஷாஃப்ட் மேல ஒரு யோக் பல் பல்லா உட்கார்ந்திருக்கும். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது அந்த யோக் முன்னும் பின்னுமா சறுக்கும். இதுக்குப் பேர் ஸ்லிப் யோக்.

வண்டியை 3, 4 இன்ச் உயர்த்தினதும் பிரச்சனை ஆரம்பிக்கும். ரேங்ளர் டிஜேவோட வீல்பேஸ் வெறும் 93.4 இன்ச். அதனால பின்பக்க டிரைவ் ஷாஃப்ட் ரொம்பக் குட்டை, சாய்வு சட்டுனு அதிகமாகும். ஹைவேல போனா வண்டி அதிரும், ஜாயின்ட் சீக்கிரம் தேயும். இன்னொரு குறையும் உண்டு: காட்டுக்குள்ள டிரைவ் ஷாஃப்ட் உடைஞ்சு கழற்ற வேண்டி வந்தா, அந்த ஓட்டை வழியா ஆயில் ஊத்திடும்.

சறுக்குற யோக்கை எடுத்துட்டு அசையாத யோக்கை மாட்டினா ரெண்டும் தீரும். உடைஞ்ச ஷாஃப்டைக் கழற்றிப் போட்டுட்டு, முன் சக்கரங்களை வச்சே வீடு வந்து சேரலாம்.

மூணு வழி இருக்கு

1. டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்குவது: தாங்கி நிக்கிற கிராஸ் மெம்பருக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல ஸ்பேசர் வச்சு, சுமார் 1 இன்ச் இறக்கலாம். ரொம்ப மலிவு. கிரவுண்ட் கிளியரன்ஸ் கொஞ்சம் குறையும். பிடிக்கலைன்னா கழற்றிடலாம்.

2. வெட்டி மரை போடுவது: ஷாஃப்டை அளவா வெட்டி, நுனியில நடு மையத்துல துளை போட்டு, உள்ள மரை வெட்டி, போல்ட் போட்டு யோக்கை இறுக்குவது. கேஸைப் பிரிக்கவே வேண்டாம். ஆனா வெட்டின ஷாஃப்ட் திரும்ப வளராது.

3. முழு கிட்: கேஸைப் பிரிச்சு, புது ஷாஃப்டே மாத்துவது. பொறுமை வேணும். ஆனா உள்ள இருக்கிற செயின், பேரிங் எல்லாத்தையும் பார்த்துக்கலாம். பழைய ஷாஃப்டும் முழுசா கையில இருக்கும்.

கிட் விலை வேற, வேலையோட விலை வேற

யோக் சறுக்காதுன்னா, நீள மாற்றத்தை வேற எதாவது தாங்கணுமே? அதுக்கு நடுவுலயே சறுக்குற அமைப்பும், ஒரு முனையில ரெட்டை ஜாயின்டும் இருக்கிற வேற டிரைவ் ஷாஃப்ட் வேணும். அந்த மாதிரி ஷாஃப்ட் போட்டா, பின் ஆக்சிலோட மூக்கையும் மேல் பக்கமா திருப்பி வைக்கணும். அதுக்கும் பார்ட்ஸ் வேணும்.

கணக்குக்காக சில எண்களை எடுத்துக்குவோம். கடைக்குக் கடை மாறும், நீங்க உங்க விலையைப் போட்டுக்கோங்க.

- வெட்டுற வழி: கிட் 100 + டிரைவ் ஷாஃப்ட் 350 + ஆக்சில் பார்ட்ஸ் 150 + ட்ரில் பிட், சீல், ஆயில் 80 = 680 டாலர்
- முழு கிட் வழி: கிட் 250 + அதே 350 + 150 + 80 = 830 டாலர்

கவனிச்சீங்களா? 100 டாலர்னு ஆரம்பிச்சது 680ல நிக்குது. வெட்டுறதால நிஜமா மிச்சம் 150 டாலர்தான்.

இப்போ அந்தப் பக்கம் பார்ப்போம். துளை மையத்தை விட்டு விலகினா யோக் சரியா உட்காராது. துளைக்குள்ள டேப் உடைஞ்சா எடுக்கிறது பெரும்பாடு. அப்புறம் புது ஷாஃப்ட், கேஸைப் பிரிக்கிற வேலை, டோ வண்டி, ஆபீஸ் போக வாடகை கார். எல்லாம் சேர்த்து 600 டாலர்னு வச்சுக்குவோம். 150ஐ 600ஆல வகுத்தா கால்வாசி. அதாவது சொதப்புற வாய்ப்பு நாலுல ஒண்ணை விட அதிகம்னா, இந்த மிச்சம் மிச்சமே இல்லை. இதுவரை ஒரு மரைகூட வெட்டாதவர் தன்னைத் தானே நேர்மையா கேட்டுக்கணும்.

செரோகி வச்சிருக்கறவங்க இதையே சாமர்த்தியமா செய்வாங்க. பழைய வண்டி உடைக்கிற யார்டுல அதே மாடலோட முன்பக்க டிரைவ் ஷாஃப்டை வாங்கி, பின்னாடி மாட்டுவாங்க. பெரிய செலவு அங்கேதான் குறையுது, கிட்ல இல்லை.

இன்னொரு வழி, வாங்கும்போதே யோசிப்பது. 2003ல வந்த ரேங்ளர் ரூபிகான் அசையாத யோக்கோடதான் கம்பெனியில இருந்தே வந்தது.

நம்ம ஊர்ல இதைச் செய்யலாமா?

தார் வச்சிருக்கிற தம்பிங்க கவனிங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி, ஆர்.சி.யில் இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா 6 மாதம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டுமேன்னு சொல்லுது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாம செஞ்ச மாற்றம் கிளெய்ம் நேரத்துல தலைவலி ஆகலாம். இதையும் செலவுல சேர்த்துக்கோங்க.

கையில கிரைண்டர் எடுக்கும் முன்னாடி 4 கேள்வி

- திரும்பக் கழற்றக்கூடிய மலிவான வழியை முதல்ல முயற்சி பண்ணிட்டேனா?
- கிட் விலையைப் பார்க்கிறேனா, கடைசி பில்லைப் பார்க்கிறேனா?
- வண்டி ரெண்டு வாரம் நின்னா வேலைக்குப் போக வேற வழி இருக்கா?
- இந்தப் பணம் ஆசைக்குன்னு சேர்த்ததா, இல்லை எமர்ஜென்சி ஃபண்டா, கிரெடிட் கார்டா?

நாலுக்கும் நல்ல பதில் இருந்தா தாராளமா செய்யுங்க. கைவேலை கத்துக்கிறதும் ஒரு முதலீடுதான். ஒண்ணுக்கு பதில் இல்லைன்னாலும் ஸ்பேசரோட நிறுத்திக்கோங்க. பி.எஃப். பணத்தைப் பாதியில எடுக்கிறதோ, பாலிசியை சரண்டர் பண்றதோ, எதுவா இருந்தாலும் இதே விதிதான்: திரும்ப ஒட்ட முடியாததைக் கடைசியா வெட்டுங்க.

கணக்கை ஸ்கிரீன்ல போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு, பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!